பள்ளிக்கூட நாளில் அரை டம்ளர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆவுடையப்பன் சார் மடத்துக்கு வந்தார். வரும்போதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவர் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஆறாம் வகுப்புக்கு அறிவியலும் அவரே நடத்துகிறார். வயது ஐம்பத்து நாலு. இந்த மடத்தை நடத்தும் எங்கள் பிரம்மசக்தி அம்மாவுக்கு நாற்பத்தொன்று. தன்னைவிட இளையவள் என்று பாராமல் பன்னிரண்டு வருடமாக அவளைக் குருவாக வைத்துக் கும்பிடுகிறவர். அந்த ஒரு காரியத்துக்கு அவரை மெச்சலாம். மற்றதைச் சொல்கிறேன், கேளுங்கள். நான் இங்கே அடுப்படி பார்க்கிறவள்.

“அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்” என்றபடியே பாயில் உட்கார்ந்தார். “சுடலைவடிவுன்னு ஒருத்தி இங்க வருவாள்லா, பீடி சுத்துதவ? அவ மக முப்பிடாதி என் ஆறாப்புல படிக்கா. வகுப்புக்கே முதல் பிள்ளை. பத்து நாளாப் பள்ளிக்கூடம் வரல. காய்ச்சல்னாங்க. ஆள் விட்டுக் கேட்டா, இனிமே அனுப்பவே மாட்டேன்னுட்டாளாம். பீடித் தட்டை மடியில குடுத்து உக்கார வச்சிட்டா.”

“ஏனாம்?”

“என்னத்தச் சொல்ல? படிப்போட அருமை தெரியாத ஜனம். நீங்க சொன்னா கேப்பா. பிள்ளையை அனுப்பச் சொல்லுங்க.”

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன்.

“கனி, அண்ணாச்சி வெயில்ல வந்திருக்காங்க. மோர் கொண்டா.”

பெரிய செம்பு நிறையக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

“ஆறாப்புல என்னெல்லாம் படிக்காங்க அண்ணாச்சி?” என்று அம்மா கேட்டாள்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

“அஞ்சாப்பு வரைக்கும் பாட்டும் கதையும்தாம்மா. படிப்புன்னு ஒண்ணு ஆரம்பிக்கிறதே ஆறாப்புலதான். கணக்குல விகிதம் வந்துரும். காம்பஸ் பெட்டி வாங்கச் சொல்லுவோம். வரலாறுல சிந்துவெளி. நாலாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தியே வீட்டுக்கு வீடு குளிக்க அறை, தெருவெல்லாம் மூடின சாக்கடை. அதைச் சொல்லும்போது பிள்ளைங்க வாயைப் பொளந்துட்டுக் கேக்கும்.”

“கேக்கும், கேக்கும். கனி, இளநி ஒண்ணு வெட்டு.”

இளநீரையும் குடித்தார்.

“அறிவியல்ல?”

“மனித உடம்பு. இருதயம், நுரையீரல், சிறுநீரகம். நான் நடத்துனா ஒரு பிள்ளை கூட ஃபெயில் ஆகாது. ஆனா பாருங்க, இந்த முப்பிடாதிக்கும் கொஞ்சம் திமிர் உண்டு. அரையாண்டுப் பரீட்சையில ‘ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்’னு கேட்டிருந்தேன். ‘லீவு நாளில் இரண்டு லிட்டர். பள்ளிக்கூட நாளில் அரை டம்ளர்’னு எழுதி வச்சிருக்கா. எம்புட்டுக் கொழுப்பு? முட்டை போட்டேன்.”

“ஏன் அப்படி எழுதுனேன்னு கேட்டீங்களா?”

“கேக்க என்னம்மா இருக்கு? புஸ்தகத்துல ரெண்டு லிட்டர்னு இருக்கு.”

“கனி, சுக்குக் காப்பி.”

காப்பியை வேண்டாம் என்றுதான் சொன்னார். மடத்தில் கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று அம்மா சிரித்தாள். குடித்தார். சந்திரகிரகணம், சூரியகிரகணம் என்று இன்னும் கொஞ்சம் பேசினார். அப்புறம் இப்படி ஒருதரம் நகர்ந்தார், அப்படி ஒருதரம் நகர்ந்தார்.

“அம்மா, கொஞ்சம் பின்னாடி போயிட்டு வந்துருதேன்.”

போன வேகத்தில் திரும்பி வந்தார். “கழிப்பறை பூட்டிக் கெடக்கு. குறுக்க ரிப்பன் வேற கட்டியிருக்கு.”

ரிப்பனைக் கட்டியவள் நான்தான். அம்மா காலையிலேயே சொல்லிச் செய்தது.

“ஆமா அண்ணாச்சி. வெள்ளையடிச்சுப் புதுசாக்கியிருக்கோம்லா? பெரியவர் ஒருத்தர் வந்து ரிப்பன் வெட்டணும். அதுவரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது.”

“எப்ப வாராரு?”

“தேதி கேட்டு ஜூன் மாசம் எழுதிப் போட்டோம்.”

இப்போது பிப்ரவரி. சார் அப்படியே நின்றார். பேச்சு எங்கே கேட்ட பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயால் வந்த பேச்சுதான்.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இருந்த பழைய கழிப்பறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ஜூன் மாதமே வேலை முடிந்தது. கல்வெட்டு பதித்து, அதற்குத் திரை போட்டு, கதவுக்குப் பூட்டும் போட்டார்கள். திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதர் தேதி கொடுக்கவில்லை. எட்டு மாதம். சாவி தலைமையாசிரியர் பீரோவில். காலைப் பிரார்த்தனையில் நின்று, விழா முடியட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் இவர்தான். டீச்சர்களுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது. பையன்கள் சுவர் ஏறி ஓடைக்குப் போய்விடுவார்கள். தொண்ணூறு பெண்பிள்ளைகள் ஒன்பது மணியிலிருந்து நாலரை மணி வரை என்ன செய்யும்? தண்ணீர் குடிக்காமல் இருந்தன. பெரிய வகுப்புப் பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

முப்பிடாதிக்கு வந்தது வெறும் காய்ச்சலா? சிறுநீரில் கிருமி ஏறி, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டது. சுடலைவடிவு வேலையை விட்டுவிட்டு ஐந்து நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தாள். வியாழக்கிழமை என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். “படிக்காட்டா போவுது, எம்பிள்ளை உசுரோட இருக்கட்டும்” என்றாள். படிப்பின் அருமை தெரியாத ஜனமாம். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

“அம்மா, சாவி...” என்றார் சார்.

“என் இடுப்புலதான் இருக்கு. உக்காருங்க. அந்தச் சிறுநீரகப் பாடத்தை எனக்கும் கொஞ்சம் நடத்துங்க.”

குரு சொன்ன வார்த்தை. உட்கார்ந்தார்.

“சிறுநீரகம் ரெண்டு. அவரை விதை மாதிரி இருக்கும். ரத்தத்துல உள்ள கழிவை வடிகட்டி...” நெற்றி வேர்த்தது. “வடிகட்டி, சிறுநீர்ப்பையில சேர்த்து...”

“சேர்த்து?”

“அம்மா, மன்னிக்கணும்.”

எழுந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் கருவக்காட்டைப் பார்த்து ஓடினார். ஐம்பத்து நாலு வயது மனுஷன் அப்படி ஓடினால் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கை கால் கழுவிவிட்டு வந்தவர் பாயில் உட்காரவில்லை.

“எங்க போயிட்டு வாரீங்க அண்ணாச்சி?”

“கருவக்காட்டுக்கு.”

“எவ்வளவு நேரம் தாங்குனீங்க?”

“அரை மணி நேரம் இருக்கும்.”

அம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பாயில் வைத்தாள். சார் அதையே பார்த்தார்.

“நாளைக்கு மணியடிக்க முந்தியே திறந்துருதேன். விழாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எவன் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன்” என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சுடலைவடிவு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. பிள்ளை பாதியாக இளைத்திருந்தது. சாரைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

சார் தானே போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்தார்.

“குடி தாயி. நாளையிலேருந்து அது திறந்துதான் இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

முப்பிடாதி தாயின் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“இன்னும் குடி.”

“போதும் சார். உள்ள இறங்க மாட்டேங்கு.”

“வீட்டுலயும் இதே கதைதான் அம்மா” என்று சுடலைவடிவு எங்கள் அம்மாவிடம் சொன்னாள். சார் பக்கம் அவள் திரும்பவே இல்லை. “முன்னயாவது லீவு நாள்ல குடிப்பா. இப்ப அதுவும் போச்சு. டாக்டர் குடி, குடிங்காரு. இவ தண்ணியை வாயில வச்சுக்கிட்டு முழிச்சிக்கிட்டு நிக்கா.”

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார்.

“சுடலைவடிவு, எம்மேலதான் தப்பு. பிள்ளையை அனுப்பு. முழுப் பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. விட்ட பாடம் அம்புட்டையும் நானே பக்கத்துல உக்காத்தி நடத்திருதேன்.”

சுடலைவடிவு அம்மாவைப் பார்த்தாள். சாரும் அம்மாவைத்தான் பார்த்தார்.

அம்மா எழுந்து வந்து பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஒரு வாயோடு நின்ற டம்ளரை வாங்கிச் சாரிடம் நீட்டினாள்.

“விட்ட பாடம் கெடக்கட்டும் அண்ணாச்சி. நடத்துன பாடத்தை என்ன செய்யப் போறீங்க?”