இரண்டு டிஸ்க்கில் ஒரு குருவி

பொள்ளாச்சியில் தணிகாசலம் என்றொருவர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், தன் மகள் வயதுள்ள ஃபர்ஹானாவிடம் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தார். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவர் அவர்தான். குறைவாகப் பதில் சொல்பவர் ஃபர்ஹானா.

ஆனைமலைக் காட்டில் அலைந்து அவர் பதிவு செய்த பறவைக் குரல்கள் எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில் இருந்தன. வேறெங்கும் இல்லை. அந்த லேப்டாப்பைத் தங்கை மகள் சுகந்திக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் இரண்டு டிஸ்க் உள்ள சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி, வீட்டு வைஃபையில் தானே இணைத்து, குரல்களை அதில் ஏற்றிவிட்டு, டீச்சரை வீட்டுக்கு அழைத்துக் காட்டினார்.

"கண்ணாடி நகல்ங்க டீச்சர். ஒண்ணுல இருக்கறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும்."

"சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"நேத்து குருவி பாடிட்டிருக்கறப்பவே ஒரு டிஸ்க்கை உருவிட்டேன். பெட்டிதான் கத்துச்சு. குருவி நிறுத்தவே இல்லை!"

"நல்லாப் பண்ணியிருக்கீங்க."

ஃபர்ஹானா அப்படிச் சொல்வது அபூர்வம். தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்தது.

ஹாலிலிருந்து சுகந்தி குரல் கொடுத்தாள். "ஆச்சுங்களா மாமா? பஸ்ஸு போயிரும்."

"ஆச்சு சாமி, ஒரே நிமிஷம்."

அவர் லேப்டாப்பைத் திறந்து, குரல்களை அழிக்கும் பட்டனைத் தட்டினார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது.

"டீச்சர், ரெண்டு டிஸ்க்கிலும் இருக்குது. இனி இதுல எதுக்குங்க? அழிச்சிரட்டுங்களா?"

ஃபர்ஹானா பெட்டியைப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னால, பெட்டியில இருந்து ஒரே ஒரு குரலை அழிங்க. குப்பைத்தொட்டியிலகூடத் தங்கக் கூடாது."

"எந்தக் குரலுங்க?"

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது."

தணிகாசலம் சிரித்துக்கொண்டே சீகாரப் பூங்குருவியை அழித்தார். விடியலில், ஆள் விசிலடிப்பது போலவே பாடும் பறவை. அதற்காக அட்டைக்கடி பட்டு ஓடைக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"அழிச்சாச்சு."

"இப்ப இன்னொரு டிஸ்க்ல இருந்து எடுத்துக் குடுங்க."

"இதென்ன பெரிய வித்தையா?"

இடப்பக்க டிஸ்க்கை உருவினார். பெட்டி கத்தியது. வலப்பக்க டிஸ்க்கில் தேடினார். மரங்கொத்தி இருந்தது, இருவாச்சி இருந்தது. பெயரைத் தட்டித் தேடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார்.

"இந்த டிஸ்க்கை நான் தொடவே இல்லைங்களே!"

"தொடலைங்க."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

"நீங்க அழின்னு சொன்னது அதுக்கும் கேட்டுச்சு."

பூங்குருவி இப்போது லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அதன் திரை இன்னும் அதே கேள்வியோடு காத்திருந்தது. தணிகாசலம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நேத்து டிஸ்க்கையே உருவினேன், பாட்டு நிக்கலை. இன்னிக்கு ஒரு பட்டனைத் தட்டினேன், ரெண்டு பக்கமும் காணோம். இதைப் போயி கண்ணாடி நகல்னு எப்படிங்க டீச்சர் பேர் வெச்சாங்க?"

ஃபர்ஹானா உருவிய டிஸ்க்கை எடுத்து அதன் இடத்தில் செருகினாள். கத்தல் நின்றது.

"சரியான பேருதானுங்க. கண்ணாடி முன்னால நின்னு நீங்க மீசையை வழிச்சா, உள்ள இருக்கறவரு மட்டும் முறுக்கிட்டு நிப்பாருங்களா?"