யொன்ஹியின் விரல்கள்

கொரியாவில் மொக்போ என்கிற துறைமுக ஊரில் ஒரு ராக் இசைக்குழு இருந்தது. கிட்டாரும் டிரம்ஸும் அதிர அதிர முழங்கும். நடுவில் ஹேகும் அழும். ஹேகும் அந்த நாட்டுப் பழைய கருவி. இரண்டே இரண்டு பட்டு நரம்பு. மடியில் நிறுத்தி வில்லால் இழுப்பார்கள்.

கிட்டார் வாசிக்கிறவன் தொக்சு. ஹேகும் வாசிக்கிறவள் யொன்ஹி. இருவருக்கும் இசை சொல்லிக்கொடுத்தவள் ஓக்சுன். அவளுக்கும் ஏறக்குறைய அவர்கள் வயதுதான். ஆனாலும் குருவம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று சாயங்காலம் துறைமுகத் திருவிழாவில் அவர்கள் கச்சேரி. காலையிலிருந்து விடாத மழை. ஒத்திகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, தொக்சு மேடைக்குப் பின்னால் வந்தான். குருவம்மா சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

"குருவம்மா, இன்னைக்கு யொன்ஹி வேண்டாம்."

"சண்டையா?"

"சண்டை இல்ல. ஈரத்துல அவ நரம்பு தளர்ந்துபோச்சு. என்னோட சுருதி சேரவே மாட்டேங்குது. கம்ப்யூட்டர்ல ஹேகும் சத்தம் பதிஞ்சு வச்சிருக்கேன். அதை வச்சுச் சமாளிச்சிடலாம்."

"நரம்பை முறுக்கிப் பாத்தீங்களா?"

"முறுக்கினதுல ஒண்ணு அறுந்தே போச்சு. மாத்தினதும் தளருது."

"கம்ப்யூட்டருக்கு மழையில ஒண்ணும் ஆகாதாக்கும்?"

"ஆகாது."

"கொடுத்து வச்சது" என்று சொல்லி, கிழங்கில் பாதியை அவன் கையில் வைத்தாள் குருவம்மா. "சாப்பிடு. பசியில பேசுற."

பிறகு யொன்ஹியைக் கூப்பிட்டாள். யொன்ஹி ஹேகுமைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"கையைக் காட்டும்மா."

யொன்ஹி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். குருவம்மா அதை மெல்ல இழுத்து, விரல்களைப் பிரித்துக் காட்டினாள். நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஒரு விரலில் பழைய பிளாஸ்திரி.

"என்ன இது?" என்றான் தொக்சு.

"ஹேகும்ல நரம்பை இறுக்கிப் பிடிச்சா சுருதி ஏறும். உன் கிட்டார் எங்க நிக்குதோ, அதுவரைக்கும் பிடிச்சுப் பிடிச்சே ஏறி வந்திருக்கா."

"இன்னைக்கு முழுக்கவா?"

"எல்லா நாளும்தான்" என்றாள் யொன்ஹி. "இன்னைக்குத்தான் முடியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ நல்லா வாசிச்சிட்டிருந்தே."

தொக்சு கிழங்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். குருவம்மா அவன் கிட்டாரை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"யொன்ஹி, ஹேகுமை எடு. நரம்பைத் தொடாம சும்மா வில்லை மட்டும் இழு" என்றான்.

அவள் இழுத்தாள். அவன் தன் கிட்டாரைக் கம்பி கம்பியாக அந்தச் சுருதிக்குத் தளர்த்திக்கொண்டே வந்தான். சுருதி பார்க்கிற ட்யூனரில், சுருதி தப்பு என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பேஸ் கிட்டார்க்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்னடா, ட்யூனர் கெட்டுப்போச்சா?"

"இல்ல. நீயும் இறக்கு."

கடவுள் புண்ணியத்தில் மழை விட்டது. ஜனங்கள் குடையை மடக்கினார்கள். மேடை ஏறப் போகும்போது தொக்சுவுக்கு ஒரு சந்தேகம்.

"குருவம்மா, நாங்க சுருதி இறங்கி வாசிக்கிறது கேக்கிறவங்க யாருக்காவது தெரியுமா?"

குருவம்மா யொன்ஹியின் விரலில் புதுப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஒருத்திக்குத் தெரியும்."