காய்ச்சல் எங்கே போச்சு?

பிள்ளைகளைப் பிழைக்க வைத்த மணி ஒன்று, ஆடுமாடுகளைச் சாகடித்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நடந்த தவறு அதுதான்.

வெகு காலத்துக்கு முன்னால். எவ்வளவு காலம் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. கொடிக்கோட்டை என்று ஒரு ராஜ்யம். அங்கே ஒரு வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. பெரியவர்களை விட்டுவிட்டு, பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்தது.

ராஜா நல்லவர். அதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்ற வழி தெரிந்தவன் வரலாம் என்று முரசறைவித்தார். மூன்று பேர் வந்தார்கள். மூலிகைக் குளம் வெட்டலாம், நூறு பிள்ளை பிழைக்கும் என்றான் ஒருவன். வைத்தியசாலை கட்டலாம், ஐந்நூறு பிள்ளை பிழைக்கும் என்றான் இன்னொருவன். மூன்றாவதாக வந்தவன் மந்திரவாதி. மடியிலிருந்து ஒரு கறுத்த வெண்கல மணியை எடுத்தான்.

"ஒரு தடவை அடித்தால் ஒரு பிள்ளை எழுந்திருக்கும், ராஜா. எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம்."

மந்திரி விரல்விட்டு எண்ணினார். விரல் போதவில்லை. "மணிதான் பெரிய தர்மம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எத்தனை பிள்ளை என்று மட்டும் கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

மணியைக் கோட்டை வாசலில் தொங்கவிட்டார்கள். ஊர் ஊராகச் சனம் வந்து வரிசை கட்டியது.

கடலோரத்தில் உப்பு விற்கிறவள் ஒருத்தி இருந்தாள். பெயரா? கடைசியில் சொல்கிறேன். ஒரே மகள், சின்னக்கொடி, ஆறு வயது. ஒரே கழுதை, சுக்கு. மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கழுதை முதுகில் அவளைக் கிடத்திக்கொண்டு உப்புக்காரி புறப்பட்டாள். ஒரு நாள் மணல். ஒரு நாள் முள்காடு. ஒரு நாள் ஆறு, வயிறு வரைக்கும் வெள்ளம். கழுதை என்றால் முரண்டு பிடிக்கும் என்பார்கள். சுக்கு ஓரிடத்திலும் நிற்கவில்லை. பிள்ளைமேல் ஒரு சொட்டுப் படாமல் கரையேற்றியது.

கோட்டை வாசலில் அவளுக்கு முன்னால் இரண்டே பேர்.

டாண். முதல் பிள்ளை எழுந்து சோறு கேட்டது. பின்னால் கட்டியிருந்த ஆடு முழங்கால் மடிந்து விழுந்தது.

"காய்ச்சல் எங்கே போச்சு?" என்றாள் உப்புக்காரி.

"போச்சு, விடு. ஆட்டுக்கு வயசாயிடுச்சு" என்றான் ஆட்டுக்காரன்.

டாண். இரண்டாவது பிள்ளை எழுந்து தண்ணீர் கேட்டது. வாசலோரம் நின்ற எருமை நுரை தள்ளிச் சாய்ந்தது.

"காய்ச்சல் எங்கே போச்சு?"

"எங்க போனா உனக்கென்ன தாயி? எருமை கண்டதைத் தின்னிருக்கும்" என்றான் வாசற்காவலன் மருதப்பன்.

அவள் எருமையின் காதைத் தொட்டாள். கொதித்தது. மூன்று நாளாக மகள் நெற்றியில் தொட்ட அதே சூடு.

அடுத்தது அவள் முறை. பக்கத்தில் சுக்கு மட்டும்தான் நின்றது. சின்னக்கொடியின் மூச்சு இழுத்தது. மந்திரவாதி மணியைப் பிடித்தான். அவள் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல் எங்கே போச்சு? சொல்லிட்டு அடி."

மந்திரவாதி முனகினான். "அது நிக்க ஒரு உடம்பு வேணும். கல்லுல நிக்காது. வாயில்லாத ஜீவன்மேல விட்டேன். அது வேண்டாம்னு சொல்லாது."

"வேண்டாம்னு சொல்லத் தெரியலைன்னா சரின்னு அர்த்தமா?"

மந்திரி எரிந்து விழுந்தார். "ஏ உப்புக்காரி, பிள்ளை பெருசா கழுதை பெருசா?"

"பிள்ளைதான் பெருசு சாமி. யார் இல்லேன்னா? அதுக்காகக் கழுதைக்கு நோவாதா? மூணு நாள் சுமந்ததுக்கு இதுவா கூலி?"

ராஜா இறங்கி வந்தார். "மணியை உடைக்கச் சொல்கிறாயா? உன் மகளும் சாவாளே."

"உடைக்க வேண்டாம் மகராசா. ரெண்டு உயிரும் பிழைக்க வழி கேக்குறேன்."

ராஜா மந்திரவாதியைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான். "மனுசன் விரும்பி வாங்கினா பங்கு பிரியும். ஆனா காய்ச்சலை விரும்பி வாங்குறவன் எவன்?"

"பாதி எனக்கு" என்றாள்.

"பாதியே உன்னைக் கொன்னுடும்."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் தரையைப் பார்த்தது. சுக்கு குனிந்து பிள்ளையின் முகத்தை முகர்ந்தது. பிள்ளை கண் திறக்கவில்லை.

மருதப்பன் ஈட்டியைச் சுவரில் சாய்த்தான். "எனக்குக் கொஞ்சம் போடு. என் மவன் இந்த மணியால எழுந்தவன். அன்னிக்கே என் காராம்பசு செத்துச்சு. அது பாலைக் குடிச்சு வளர்ந்தவன் அவன். அதுக்கு ஒரு கும்பிடுகூடப் போடாம இழுத்துப் புதைச்சேன்."

"எனக்கும்" என்றான் ஆட்டுக்காரன். எனக்கும், எனக்கும் என்று பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு, "எனக்கும்" என்றார். மந்திரி கடைசியாக வந்தார். வராமல் எங்கே போவார்?

அவள் நாக்கை விட்டாள். டாண்.

சின்னக்கொடி எழுந்து உட்கார்ந்தாள். சுக்கு விழவில்லை. ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் தும்மினார்கள். மந்திரியின் தலைப்பாகை பறந்துபோய்ச் சாணியில் விழுந்தது. அவ்வளவுதான். ஆயிரம் பேர் பங்கு போட்டுக்கொண்டால் விஷக்காய்ச்சல் ஒரு தும்மல்.

மணியின் கறுப்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மந்திரக்கட்டு விட்டது. உயிர் போகாமல் கிடந்த ஆடு எழுந்தது, எருமை எழுந்து காதை உதறியது. முன்னமே செத்தவை திரும்பவில்லை. பொய் சொல்ல மாட்டேன். அவற்றைப் புதைத்த இடத்தில் ஊரே விழுந்து கும்பிட்டது. மந்திரவாதியை லாயத்தில் புல் வெட்ட விட்டார்கள். அதற்கப்புறம் யார் என்ன தர்மம் சொன்னாலும் ராஜா இரண்டு கேள்வி கேட்டார்: யாருக்கு நல்லது? அது யார் தலையில் விழுகிறது?

அவளுக்குப் பட்டும் பொன்னும் கொண்டுவந்தார்கள். "கழுதைக்குத் தண்ணி காட்டணும், வழி விடுங்க" என்றாள். ராஜாவே தொட்டியை எடுத்துவந்து வைத்தார். சின்னக்கொடி சுக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது குடித்து முடிக்கும்வரை ஒருவரும் நகரவில்லை.

நம் ஊரில் பிள்ளை தும்மினால் 'நூறு' என்கிறோம். கொடிக்கோட்டையில் அப்படிச் சொல்வதில்லை. யார் தும்மினாலும், பக்கத்தில் இருக்கிறவர் கைகூப்பி ஒரு பெயரைச் சொல்கிறார்.

உலகாயி.