ஊற்றுக்கு ஒரு வேலி

“வெட்டினாலும் வருது, வேரோட பிடுங்கினாலும் வருது. நான் என்னதாம்மா செய்ய?”

வேலாண்டி அரிவாளைப் போட்டுவிட்டுக் கன்னியம்மாள் எதிரே மணலில் உட்கார்ந்தார். கையெல்லாம் சீமைக்கருவேல முள் கீறியிருந்தது.

அந்தக் கடற்கரை மணல்மேட்டில் நல்ல தண்ணீர் ஊறுவது ஒரே இடத்தில்தான். அந்த ஊற்றை நம்பித்தான் கன்னியம்மாள் நடத்தும் மடம். வழிப்போக்கருக்கும் அதுதான் தண்ணீர். கருவேலம் இப்படியே நெருங்கி வந்தால் ஊற்று வற்றிப்போகும், மடத்தைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

வேலாண்டி மடத்துக்கு வந்தது என்னவோ தம்பியால்தான். அப்பா செத்த செய்தியைத் தம்பி சொல்லி அனுப்பவில்லை. மூத்தவர் இவர் உயிரோடு இருக்க, கொள்ளியை அவனே வைத்துவிட்டான்.

“அவனை நினைச்சாலே நெஞ்சு எரியுது. மறக்க ஒரு வழி சொல்லுங்கம்மா” என்று, தன்னைவிட இளையவளான கன்னியம்மாளின் காலில் விழுந்தார்.

“ஊற்றைப் பார்த்துக்கோங்க அண்ணாச்சி” என்றாள் அவள். அவ்வளவுதான் உபதேசம்.

ஆளைச் சும்மா சொல்லக்கூடாது, வேலைக்கு அஞ்சாதவர். ஆடு வந்து தண்ணீரைக் கலக்கிவிடக் கூடாதென்று, வெட்டிய கருவேலங்கிளைகளையே ஊற்றைச் சுற்றி வேலியாக அடைத்தார்.

வாய்தான் சும்மா இருக்காது. தண்ணீர் குடிக்க யார் வந்தாலும் தொடங்கிவிடுவார். “எனக்கொரு தம்பி. அவனை நான் எப்பவோ மன்னிச்சாச்சு. ஆனா அவன் என்ன செஞ்சான் தெரியுமா?”

வந்தவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார். இவருக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

இன்றைக்கு அவர் புலம்பலைக் கேட்ட கன்னியம்மாள் எழுந்து வந்து வேலியைப் பார்த்தாள். கிளைகளில் விதை நிறைந்த நெற்றுகள் காய்ந்து தொங்கின.

“ஆடு வருதா அண்ணாச்சி?”

“வராம இருக்குமா? அந்த நெத்துன்னா அதுக்கு உசுராச்சே. விரட்டத்தான் எனக்குப் பொழுது சரியா இருக்கு.”

“எந்தப் பக்கம் விரட்டுவீங்க?”

“வடக்கே.”

“புதுசா முளைச்சது எந்தப் பக்கம்?”

வேலாண்டி வடக்கே கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

அவள் குனிந்து ஓர் ஆட்டுப்புழுக்கையை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவர் நசுக்கிப் பார்த்தார். உள்ளே நெற்றின் விதை முழுசாக இருந்தது.

“வேலி அடைக்கேன்னு நாந்தானா இத்தனையும் விதைச்சேன்” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அன்றைக்கே வேலியைப் பிரித்தார். நெற்றுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டார். ஊற்றைச் சுற்றிப் பனைமட்டையை நெருக்கமாக நட்டார். ஆடுகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தின்ன ஒன்றுமில்லை என்று போய்விட்டன.

அடுத்த மழை முடிந்தபோது வடக்கே புதுமுளை அருகிவிட்டது. ஊற்றில் தண்ணீர் நின்றது. எல்லாம் சரி, அவருக்குத் தூக்கம்தான் இன்னும் சரியாக வரவில்லை.

ஒருநாள் உப்பளத்து ஆள் ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார். வேலாண்டி செம்பில் முகந்தார்.

“கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா அண்ணாச்சி?” என்று வந்தவர் பேச்சுக் கொடுத்தார்.

“எனக்கொரு தம்பி. அவனை நான் எப்பவோ…”

“அண்ணாச்சி,” மடத்து வாசலிலிருந்து கன்னியம்மாள் கூப்பிட்டாள். “ஆடு வருது பாருங்க.”

வேலாண்டி திரும்பிப் பார்த்தார். மணல்மேடு வெறுமையாகக் கிடந்தது. ஓர் ஆட்டைக்கூடக் காணோம்.

வேலியில் தானே தொங்கவிட்ட நெற்றுகள் நினைவுக்கு வர, செம்பை உயர்த்தினார்.

“தம்பி ஒருத்தன் இருக்கான்” என்றார். “கையை நீட்டுங்க, தண்ணி ஊத்துறேன்.”