ஓடுபாதைக்கு ஒரு வரம்பு

நோர்வேயின் வடக்கே, வருடத்தில் பாதி குளிராகவே கழியும் ஒரு தீவில், ஒரு குட்டி விமான நிலையம் இருந்தது. அங்கே ஒரு முறை அக்காவும் தங்கையும் வானத்திலிருந்து வந்திறங்கினார்கள். அக்காவின் பெயர் ஐஸ். தங்கையின் பெயர் பனி.

அக்கா வடிவுக்காரி. கண்ணாடி மாதிரி மினுங்குவாள். யார் வந்தாலும் "வாங்கோ, வாங்கோ" என்பாள். ஒருவரையும் மறிக்க மாட்டாள், ஒரு சொல் கடிந்து பேச மாட்டாள். தங்கை அப்படியில்லை. யார் வந்தாலும் காலைப் பிடித்துக்கொள்வாள். "கொஞ்சம் ஆறுதலாப் போங்கோவன், என்ன அவசரம்?" என்பாள். அவசரக்காரருக்கு இது பிடிக்குமா? எல்லோரும் தங்கையைத் திட்டித் தீர்த்தார்கள்.

அவளை ஓரம் தள்ளுவதற்கென்றே அங்கே ஒரு மஞ்சள் வண்டி நின்றது. அதை ஓட்டியவர் குலேந்திரன், கிளிநொச்சிப் பக்கத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. நல்ல வேலைக்காரன், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அவருக்கு ஒரு விசர் இருந்தது. தட்டையான நிலத்தைக் கண்டால் ஓரத்தில் ஒரு வரம்பு வைக்காமல் கை சும்மா இருக்காது. அந்த வாரம் விழுந்த பனியையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய், ஓடுபாதை முடிந்து கடல் தொடங்கும் இடத்தில், குறுக்காக, அகலமாக, பொருபொருவென்று ஒரு வரம்பு கட்டிவிட்டார்!

மேலதிகாரி ஹோகன் அன்று காலைதான் அதைக் கண்டார். கண்டதும் மனுசனுக்கு மூக்கு முட்டக் கோபம்.

"இது விமான நிலையமா, உன் வயலா? பின்னேரத்துக்குள் இந்தக் குவியல் முழுக்கக் கடலுக்குள் போகவேண்டும்!"

குலேந்திரன் தலையைச் சொறிந்தார். "சரி, முதலில் ஓடுபாதையைத் துடைத்துவிட்டு வாறன்" என்றார்.

வரம்பாகக் கிடந்த பனிக்கு அழுகை வந்துவிட்டது. "கேட்டியளே அண்ணை? ஒரு ஓரத்தில கிடக்கவும் விடமாட்டினமாம்" என்றாள்.

"நான் என்ன பிள்ளை செய்ய? தள்ளச் சொன்னால் தள்ளுறதுதான் என்ர வேலை" என்றது மஞ்சள் வண்டி. அதற்கும் மனம் கேட்கவில்லைதான்.

அந்த நேரம் பார்த்து குலேந்திரனின் தொலைபேசி அடித்தது. மனைவி சசிரேகா. தலைப்பிள்ளைப் பேற்றுக்கு ஒஸ்லோவிலிருக்கும் தாய் வீட்டுக்குப் போனவள், பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்து இன்றைக்குத்தான் திரும்புகிறாள். புயலும் வேலையுமாக மாறி மாறி மறித்ததில் குலேந்திரன் இன்னும் மகளைக் கையில் தூக்கவில்லை. தொலைபேசித் திரையில் பார்த்ததோடு சரி.

"இஞ்சாருங்கோ, பிளேனுக்குள்ள ஏறிட்டம். பிள்ளை நல்ல நித்திரை. நீங்கள் என்ன செய்யிறியள்?"

"பெரியவரிட்ட நல்லாப் பேச்சு வாங்கிக்கொண்டு நிக்கிறன்."

"ஏனாம்?"

"வரம்பு கட்டினதுக்கு."

"ஐயோ, உங்கட வரம்பு! அதுக்குள்ள என்ன, நெல்லு விதைக்கப் போறியளோ?" சசிரேகா சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

குலேந்திரன் ஓடுபாதையைப் பளிச்சென்று துடைத்து முடித்தார். பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். வானத்தில் விமானம் தெரிந்தது. அந்தக் கடைசி நிமிடத்தில் ஒரு மழை பெய்தது பாருங்கள், நாலு துளிதான். விழுந்த இடத்திலேயே உறைந்து, ஓடுபாதை முழுக்க அக்கா வந்து பாய் விரித்துப் படுத்துவிட்டாள்.

விமானம் இளந்தாரி. தன் இறக்கையைத் தானே மெச்சிக்கொண்டு வந்தது. கீழே பார்த்து, "ஓ, என்ன வடிவான பாதை! ஒரு தூசி தும்பு இல்லை" என்றது.

"வாங்கோ ராசா, வாங்கோ" என்றாள் ஐஸ்.

சில்லுகள் தரையைத் தொட்டன. பிரேக் இறுக்கிப் பிடித்தது.

"நில்லடா!" என்றது பிரேக்.

"நான் எப்பவோ நிண்டிட்டன். பாதைதான் ஓடுது!" என்று கத்தியது சில்லு.

விமானத்துக்கு இப்போதுதான் பயம் பிடித்தது. "அக்கா, என்னைக் கொஞ்சம் பிடியுங்கோவன்! முன்னால கடல்!"

"பிடிக்கிறதோ? அது மரியாதை இல்லை ராசா. நான் ஒருத்தரையும் மறிக்கிறதில்லை. போயிட்டு வாங்கோ" என்றாள் ஐஸ், அதே இனிய குரலில்.

குலேந்திரனின் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது. சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. "ஐயோ, என்ர பிள்ளை! என்ர பிள்ளை!" என்று கத்திக்கொண்டு வண்டியிலிருந்து குதித்தார்.

விமானம் பாதையின் முடிவைத் தாண்டியது. அங்கே கிடந்தாள் தங்கை. காலையில் அழுத கண் இன்னும் காயவில்லை. விமானத்தைக் கண்டதும் எழுந்து கையை விரித்தாள்.

"ஆறுதலா, ஆறுதலா! நான் நிக்கிறன்!"

முன் சில்லைப் பிடித்தாள். பின் சில்லுகளையும் பிடித்தாள். வயிற்றோடு கட்டிக்கொண்டாள். வரம்பு பாதி உடைந்தது. மூக்குவரை பனிக்குள் புதைந்து, பெரிய பெருமூச்சு ஒன்று விட்டு விமானம் நின்றது. அதன் மூக்குக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு முழம் பனி மிஞ்சியிருந்தது.

உள்ளே யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அவசரக் கதவு திறந்தது, காற்றுச் சறுக்கு விரிந்தது. ஒவ்வொருவராகச் சறுக்கி வந்து பனிக்குள் தொப்பென்று விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழும்பி ஆளை ஆள் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள்.

சசிரேகா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி வந்திறங்கினாள். குலேந்திரன் ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா" என்றாள் அவள், கண்ணீரும் சிரிப்புமாக. "உங்கட வரம்பை உடைச்சுப்போட்டம்."

குலேந்திரன் மகளை முதன்முறையாகக் கையில் வாங்கினார். அந்தச் சின்னப் பெண் இவ்வளவுக்கும் கண் திறக்கவே இல்லை. தகப்பன் தேம்பி அழுத சத்தத்துக்குத்தான் முழித்தாள்.

தூரத்திலிருந்து ஹோகன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "வாங்கோ ஐயா" என்று ஐஸ் வரவேற்றாள். அவ்வளவுதான். மேலதிகாரி கால் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கமாகச் சறுக்கிவந்து, மிச்சமிருந்த வரம்புக்குள் கழுத்துவரை போய்ச் செருகினார்.

"பின்னேரம் இதை அள்ளவேணுமோ?" என்று கேட்டார் குலேந்திரன், பிள்ளையைத் தாலாட்டியபடி.

ஹோகன் வாய்க்குள் போன பனியைத் துப்பினார். "உடைந்ததை முதலில் கட்டு. ஒரு மண்வெட்டி எனக்கும் கொண்டுவா!" என்றார். சிரித்த சிரிப்பில் தொப்பியைத் தேடவும் மறந்துவிட்டார்.

சனங்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு விமானம் மெல்லக் கேட்டது. "தங்கச்சி, உன்னை எல்லாரும் ஒதுக்கி ஓரம் தள்ளினவை. நானும் உன்னை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகும் எப்படி என்னைப் பிடிக்கவெண்டு சரியா இந்த இடத்தில வந்து நிண்டனி?"

பனி தன் மேல் சாய்ந்திருந்த மூக்கைத் தடவிக்கொடுத்தாள்.

"நான் எங்க வந்தனான்? என்னை ஒதுக்கிவிட்ட இடத்துக்கு நீதான் வந்து சேர்ந்தாய்."