பாசியைக் கழுவிய மருமகள்

முன்னொரு காலத்தில், மழைக்கும் காற்றுக்கும் வரி போட வழியில்லையே என்று அரசர்கள் பெருமூச்சு விட்ட காலத்தில், செம்மணற்குடி என்றொரு ஊர் இருந்தது. பெயரிலேயே அதன் தலையெழுத்து தெரிகிறதல்லவா? மேலே பார்த்தாலும் மணல், கீழே தோண்டினாலும் மணல். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால், குடத்தை நிமிர்த்துவதற்குள் தண்ணீர் காணாமல் போய்விடும்.

ஊருக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில் கடல். ஆனால் மீன் வாங்கப் போவதைத் தவிர, ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். உப்பு பட்டால் வயல் பாழ் என்று அவர்களுக்கு அத்தனை பயம். ஊர் எல்லையில் ஒரு கல்தொட்டி இருந்தது. கடற்கரையிலிருந்து யார் வந்தாலும் அதில் காலைக் கழுவிவிட்டுத்தான் வரப்பில் ஏற வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் அந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கும். கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான்.

அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள் முத்துவடிவு. பிறந்த வீடு கடற்கரை. புகுந்த வீடு ஊர்த்தலைவர் மாசிலாமணியின் வீடு. அவர் மகன் கடம்பன் மீன் வாங்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்த்தான், பிடிவாதம் பிடித்தான், கட்டிக்கொண்டான். மாமனாருக்கு அது நெஞ்சில் முள். மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார். "உப்புக்காரி" என்பார்.

ஓர் ஐப்பசியில் அரசர் அந்த ஊருக்கு வந்தார். நல்ல அரசர்தான், ஆனால் களைத்துப் போயிருந்தார். ஆண்டுதோறும் ஆற்றிலிருந்து அந்த ஊருக்குத் தண்ணீர் வண்டி அனுப்பி அனுப்பி, அரண்மனை மாடுகள் எலும்பும் தோலுமாகிவிட்டன.

"இனி முடியாது. மலையடிவாரத்தில் உங்களுக்கு நிலம் தருகிறேன், குடிபெயருங்கள்" என்றார். ஊரே அழுதது. அரசர் மனம் இளகி ஒரு வழி சொன்னார். "மாசி முடியும்போது வருவேன். பாத்திக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர். அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு பாத்தி கத்தரியாவது பச்சையாக நின்றால், ஊர் இங்கேயே இருக்கட்டும்."

மற்றவர்களுக்கு மண்ணைப் பிரிகிற துயரம். முத்துவடிவுக்கு அதைவிடப் பெரிய துயரம். மலையடிவாரம் போய்விட்டால் பெற்றவர்களை இனி இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது. அத்தனை தொலைவு.

முதலில் களமிறங்கியவர் மாசிலாமணி. தூரத்துக் குளத்திலிருந்து வண்டி வண்டியாகக் களிமண் கொண்டுவந்து பாத்தியில் கொட்டினார்.

அடுத்தவர் எண்ணெய் வணிகர் சொக்கப்பன். பாத்தி முழுக்க வைக்கோல் பரப்பி மூடினார்.

மூன்றாவதாக இறங்கியவள் முத்துவடிவு. "இவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஊர் சிரித்தது.

ஆனால் அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். அவள் பிறந்த வீட்டில் கடற்பாசியைக் காய்ச்சிக் கஞ்சி வைப்பார்கள். ஒரு பிடி பாசி ஒரு சட்டித் தண்ணீரையே இழுத்துப் பிடித்து இறுக்கிவிடும். சட்டியில் தண்ணீரைப் பிடிப்பது மண்ணுக்குள் பிடிக்காதா என்று யோசித்தாள். வலையைச் சிக்கலாக்குகிறது என்று மீனவர்கள் பிய்த்தெறிந்த பாசி கரையெல்லாம் குவிந்து கிடந்தது. ஒரு கூடை அள்ளிவந்து, வீட்டுக் கொல்லையில் நின்ற கத்தரிச் செடிகளின் வேரடியில் ஈரத்தோடு புதைத்தாள்.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. சில நாளில் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டது.

மாமனார் குதித்தார். "நான் சொன்னேம்லா! உப்பக் கொண்டாந்து வீட்டுக்குள்ளயே புதைச்சிட்டா. இனிமே கடல்ல கெடக்கிற எதுவும் எல்லையைத் தாண்டி வரப்படாது!"

முத்துவடிவு அன்று அழுதாள். வெட்கத்தில் கொஞ்சம், பயத்தில் நிறைய. ஆனால் அழுது முடித்ததும் கடற்கரைக்குப் போனாள். வெயிலில் காய்ந்து கிடந்த பாசியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தட்டினாள், உதிர்ந்தது. கடித்துப் பார்த்தாள், இன்னும் கரித்தது. உதறினால் பாதி போகிறது, மீதியைக் கழுவித்தான் எடுக்க வேண்டும் என்று புரிந்தது. கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது?

திரும்பி வந்து மாமனார் முன்னால் நின்றாள்.

"மாமா, கரையிலேர்ந்து வாரவங்க காலைக் கழுவிட்டு வரணும்னுதான சொல்லுதீக? காலை வெட்டிப் போட்டுட்டு வரச் சொல்லலையே? பாசியையும் கழுவிட்டே கொண்டாரேன்."

மாசிலாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கழுவிக் கொண்டா பாப்போம். நாக்குல வெச்சுப் பாப்பேன். கரிச்சுதோ, அம்புட்டையும் திருப்பிக் கொட்டணும்" என்றார்.

முத்துவடிவும் கடம்பனும் பாசியைக் காயவைத்தார்கள், தடியால் அடித்தார்கள், எல்லைக்கு வெளியே இருந்த மணல்மேட்டில் பரப்பினார்கள். கார்த்திகையில் ஒரு மழை வந்தது. அந்த ஆண்டுக்கே அது ஒன்றுதான். ஊரே விதையோடு வயலுக்கு ஓடியது. அவர்கள் இருவர் மட்டும் மேட்டில் நின்று, கொட்டுகிற மழையில் பாசியைப் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள்.

"கெடைச்ச ஒத்த மழையையும் பாசிக்குக் குடுக்குதுகளே, பைத்தியங்க!" என்று சொக்கப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் பாருங்கள், தண்ணீரை நிறுத்தத் தெரியாத அந்த மணல் அன்று எவ்வளவு உதவியாக இருந்தது! உப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கிய மழைநீரை மடமடவென்று கீழே இழுத்துக்கொண்டது. பாசிமேல் ஒரு துளி உப்புநீரும் தேங்கவில்லை.

எல்லையில் மாசிலாமணி ஒரு துண்டுப் பாசியை வாயில் போட்டார். மென்றார். மறுபடி மென்றார். கரிக்கவில்லை. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், போ என்று கையை மட்டும் காட்டினார்.

முத்துவடிவு பாசியை உலர்த்தி, உரலில் இடித்து, ஆட்டுப் புழுக்கையோடு கலந்து பாத்தியில் வேராழத்துக்குக் கிளறிவிட்டாள். பிறகு நாற்று நட்டாள். வாரம் ஒரு குடம்தான் ஊற்றினாள்.

மாசி முடிந்தது. அரசர் வந்தார்.

மாசிலாமணியின் பாத்தியில் களிமண் ஓடு மாதிரி இறுகி வெடித்திருந்தது. ஊற்றிய தண்ணீர் வெடிப்பில் வழிந்து போக, செடி நின்ற இடத்தில் குச்சிதான் நின்றது. சொக்கப்பன் பாத்தியில் வைக்கோலைத் தேடி வந்த கறையான், வைக்கோலைத் தின்ற கையோடு வேரையும் தின்றுவிட்டது.

முத்துவடிவின் பாத்தியில் கத்தரி பூத்துக் காய்த்து நின்றது.

அரசர் நம்பவில்லை. குனிந்து, மண்ணுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். மணல் உதிரவில்லை. உள்ளங்கையில் கொழுக்கட்டை போல உருண்டு நின்றது. விரலெல்லாம் ஈரம். அவர் முகம் மலர்ந்தது.

"ஊர் இங்கேயே இருக்கட்டும்! இந்தப் பாத்தி யாருடையது?"

முத்துவடிவு வாய் திறப்பதற்குள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாசிலாமணி முன்னால் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எம் மருமவ மகாராசா. முத்துவடிவு. உப்புக்காரின்னு நான் ஒதுக்கி வெச்ச புள்ள."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயால் தன் பெயரைக் கேட்டறியாதவள், அத்தனை பேர் நடுவில் விசும்பி விசும்பி அழுதாள். அந்த அழுகையில் துயரம் துளியும் இல்லை.

கேட்டீர்களா நல்லவர்களே, எதிலும் குறை உண்டு. குறையைக் கழுவப் பொறுமை உள்ளவருக்கே அதன் குணம் பயன்படும்.