ஓர் உள்ளங்கை அளவு

“அம்மா, இந்த வெண்புள்ளி எப்பத்தானுங்க போகும்?”

நாச்சிமுத்து கேட்டான். நாற்பது வயதாகிறது அவனுக்கு. தலையில் கட்டிய துண்டைக் கன்னம்வரை இறக்கிவிட்டிருந்தான்.

பவானிக் கரை மடத்தில் குரு முல்லையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான்.

“ஆத்துல எப்பக் குளிக்கிறே?”

“ஆள் வர்றதுக்கு முன்னாடிங்கம்மா.”

“தேர்த் திருவிழா?”

“போயி ஒம்பது வருசமாச்சுங்க.”

“பந்தியில உக்காந்து சாப்பிட்டது?”

“பக்கத்து எலைக்காரன் ஒருக்கா எந்திரிச்சுப் போயிட்டானுங்க. அதோட விட்டுட்டேன்.”

“நாளைக்கு உங்கக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலையை யார் போடறது?”

அவன் தரையைப் பார்த்தான்.

“பங்காளி ஒருத்தனைப் போடச் சொல்லிட்டேனுங்க. நல்ல காரியத்துல நான் எதுக்குங்க?”

அம்மை எழுந்து வந்தார். துண்டை அவிழ்த்தார். அவன் கன்னத்தில் தன் கையை வைத்தார்.

நாச்சிமுத்து விறைத்துப்போனான். இன்னொருவர் கை அந்தக் கன்னத்தில் பட்டே ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

வெள்ளை முழுவதும் அவர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

“அது எடுத்துக்கிட்ட இடம் இவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் அதுக்கு யார் கொடுத்தது?”

அம்மை திரும்பிப் போய்க் கீரை முன் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை. கல்யாண மண்டபத்து வாசலில் நாச்சிமுத்து செருப்பைக் கழற்றினான். தலையில் துண்டு இல்லை.

அவனைக் கண்டதும் அக்கா சரசாள் கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“வந்துட்டியா தம்பி!”

தாய்மாமன் மாலையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மணமேடைப் படியில் பெரியம்மா முறைக்காரி ஒருத்தி குறுக்கே நின்றாள்.

“ஏஞ்சாமி, இந்த மூஞ்சியோடயா மாலை போடப் போறே? முகூர்த்த நேரத்துல?”

மேளம் நின்றது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. நேற்றுவரை இருந்த நாச்சிமுத்துவாக இருந்தால் கொல்லைப்புறக் கதவைத் தேடியிருப்பான். இப்போதும் ஒரு கால் பின்னால் போகத்தான் செய்தது.

மேடையில் மணப்பெண் மேகலை எழுந்து நின்றுவிட்டாள்.

“மாமா!”

போன கால் முன்னால் வந்தது. அவன் முகத்தை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

“இது வெண்புள்ளிங்க பெரியம்மா. தொட்டாலும் ஒட்டாது. செத்த தள்ளி நில்லுங்க, எம்புள்ள கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறா.”